சுவருக்கு இணையாக ஒரு கம்பம்

கொடிக்கம்பத்தைக் கோணலாக நட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் வேறு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவில் என்னைக் கூப்பிடுவதும் 'கண்ணாடி' என்றுதான். கண்ணாடி வந்தாரா, கண்ணாடி வீட்டில் கல்யாணமா, கண்ணாடி ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லு. இப்படி ஊரார் பார்வையைச் சரிசெய்து சோறு தின்கிற ஒருவன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்து நட்ட கம்பம் அது.

ஒவ்வொரு வருடமும் சுதந்திர தினத்துக்கு ஒரு மூங்கிலை மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டி அதில் கொடியேற்றுவோம். மறுநாள் மூங்கில் பந்தல்காரரிடம் திரும்பிப் போய்விடும். இந்த முறை நாடு விடுதலையடைந்த பொன்விழா. தெருமுனையில் நிரந்தரமாக ஓர் இரும்புக் கம்பம் வேண்டும் என்று விழாக்குழு முடிவு செய்தது. வருகிறேன் என்று சொன்ன கொத்தனார் அதைவிடப் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு கம்பம்தானே?"

இந்தத் 'தானே' என்னை வாழ்நாள் முழுக்கத் துரத்தி வருகிறது. முன்பு ஒருமுறை 'ஒரு கல்யாணம்தானே' என்றும் சொல்லியிருக்கிறேன். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

குழி தோண்டினேன். கம்பத்தை நிறுத்தினேன். ஜல்லியும் சிமெண்டும் கலந்து கொட்டினேன். நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு வேண்டும். அது கொத்தனாரோடு போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிரே விழாக்குழுத் தலைவரின் வீடு. மூன்று மாடி. படித்த இன்ஜினியர் கட்டியது. அந்தச் சுவரின் விளிம்போடு கம்பம் ஒரே கோடாகத் தெரியும்படி ஒற்றைக் கண்ணால் பார்த்து, இம்மியும் பிசகாமல் நிறுத்தி, முட்டுக்கொடுத்து, ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். ஒரு மூன்று மாடி வீடு நேராக இருக்கும் என்று நம்புவதில் என்ன தவறு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

சிமெண்ட் நன்றாக இறுகிய பிறகு முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டு, உச்சியில் இருந்த கப்பியில் கோத்த கயிற்றைத் தொங்கவிட்டேன். கயிறு கம்பத்தோடு ஒட்டி இறங்கவில்லை. இறங்க இறங்க விலகி, கீழே வரும்போது ஒரு முழம் தள்ளி நின்றது. கயிற்றைப் பார்த்தேன். மின்கம்பத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரு கட்சி. என் கம்பத்தைப் பார்த்தேன். தலைவர் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். அவை இரண்டும் இன்னொரு கட்சி.

அதன்பிறகுதான் வேடிக்கை. தலைவர் வந்தார். கம்பத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தார். பிறகு தன் வீட்டைப் பார்த்தார். மூன்றாவது மாடிக்கு அவர் வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பம் கோணல் என்று அவர் சொன்னால், அதற்கு இணையாக நிற்கிற வீட்டைப் பற்றியும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நல்லா கம்பீரமா இருக்கு" என்றார். போய்விட்டார்.

மளிகைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோணல் என்று முதலில் சொல்கிறவன்தான் கடப்பாரையைப் பிடிக்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். எங்கே நின்று பார்த்தால் நேராகத் தெரியும் என்று கேட்டேன். கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி நடந்தார். கடையில் அவருடைய தராசு மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் மனைவியை அழைத்து வந்தேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தலைய லேசா இடப்பக்கம் சாய்ச்சுப் பாருங்க. சரியாயிடும்."

பார்த்தேன். உண்மைதான், சரியாகிவிட்டது. ஆனால் நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் தொழிலே இப்படி மழுப்புகிறவர்களோடுதான். கடை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ரெண்டும் பரவால்ல" என்பார்கள். என் மனம் நோகக்கூடாதாம்.

இதில் எல்லோரையும் தோற்கடித்தவர் வேன் அக்கா.

எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டு போனவர் அவர். கணவர் போன பிறகு தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரே மகனைப் படிக்கவைத்தார். இன்று தெருவில் மீசை வைத்துத் திரிகிறவர்களில் பாதிப் பேர் அந்த வேனில் அழுதுகொண்டே ஏறியவர்கள். போன வருடம் முட்டிவலி என்று சொல்லி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வேன் மட்டும் வீட்டு வாசலில் நிற்கிறது. சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. முட்டிவலிக்காரர் மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஓடுகிற ஓட்டத்தை என் மனைவி எனக்குக் காட்டியிருக்கிறாள்.

முட்டி இல்லை, கண் என்று எனக்குச் சந்தேகம். கடைசியாக என் கடைக்கு வந்தபோது, எழுத்துப் பலகையின் விளக்கை நான் போடுவதற்கு முன்பே அடிவரி வரைக்கும் மளமளவென்று படித்து முடித்துவிட்டார். காத்திருந்த நேரத்தில் மற்றவர்கள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். நான் புதுப் பலகை வாங்கி மாட்டினேன். அது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதன்பிறகு கடைப்பக்கமே வரவில்லை.

அந்த வயதில் கண் மங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பால் ஆடை படிந்த மாதிரி எல்லாம் புகையாகத் தெரிவது. அது புரை. அதை எடுத்துவிட்டு உள்ளே வேறு வில்லை வைத்துவிட்டால் பழையபடி பேப்பர் படிக்கலாம். இன்னொன்று, ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே நெருங்கி வருவது. அதில் போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். எதுவென்று சோதித்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் 'தெரியவில்லை' என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அக்கா சொல்லாததற்குக் காரணம் இருந்தது. மகன் வெகுதூரத்தில் ஏதோ ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் இருக்கிறான். அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று தெரிந்தால் அந்த நிமிடமே கூட்டிக்கொண்டு போய்விடுவான். நல்ல பிள்ளை, அதுதான் சிக்கல். அங்கே ஒருமுறை போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்த அக்கா, ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல், அதை மூடினால் நம் ஜன்னல், இதுதான் பொழுதுபோக்கு என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அங்கே போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். வேனை விற்க வேண்டும். தெருவில் போகிற எல்லாரையும் பெயர் சொல்லி அதட்டுவதையும் விட்டுவிட வேண்டும்.

இந்த நேரம் பார்த்து விழாக்குழு, பொன்விழாக் கொடியை வேன் அக்காதான் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தது. வருடா வருடம் ஏற்றும் தலைவரே பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். அக்காவால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. மகனும் பார்ப்பதற்கு லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டான்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கையைப் பழக்கிக்கொள்கிறேன் என்று அக்கா தனியாகக் கம்பத்தடிக்கு வந்தார். நான் அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் அவரிடமும் கேட்டுவைத்தேன்.

"கம்பம் எப்படிக்கா இருக்கு?"

அக்கா முகவாயை உயர்த்தி அண்ணாந்து பார்த்தார்.

"அம்சமா நேரா நிக்குது தம்பி. கொத்தனார் கெட்டான் போ."

இரண்டு நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அலைந்தேன். சுண்ணாம்பு வாளியோடு அப்படியே மனம் குளிர்ந்து நின்றேன். அடுத்த மூச்சில் யோசித்தேன். தலைவரே சொல்லத் துணியாத பொய் அது. என் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருவர் சொல்லலாம். இல்லாவிட்டால் கம்பம் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் சொல்லலாம். என் மேல் உயிரை வைத்தவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு முன்பே தெரியும்.

அக்கா இடது கையால் கம்பத்தைத் தொட்டார். வலது கையைக் கம்பத்தை ஒட்டி, மூங்கிலில் எப்போதும் கயிறு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார். விரல்கள் மூடின. உள்ளே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே போய் மறுபடியும் மூடின. கயிறு ஒரு முழம் தள்ளி, என் கைவண்ணத்தால், சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா பதறவில்லை. அதே கையால் கம்பத்தைத் தடவிக்கொடுத்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார்.

நான் கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். அன்றைக்குத் தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. அக்கா என் முகம் இருக்கும் பக்கமாகச் சற்று நேரம் திரும்பியிருந்தார். பிறகு கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, காலால் தரையைத் தேய்த்துத் தேய்த்து வீட்டுக்கு நடந்தார்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள். சுற்றிவளைத்து எத்தனையோ முறை கேட்டாயிற்று, யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை என்றேன்.

"நீங்க என்னைக்கு நேரா கேட்டீங்க? என்னைப் பொண்ணு கேக்க வந்தப்ப, மழை வருமான்னு கேட்டுட்டுப் போனீங்க."

அன்றைக்கு மழை வந்தது என்பதை நான் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் காலை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் மகன் வந்தான். பயணக் களைப்பு முகத்திலேயே இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மாமா, ஒளிக்காம சொல்லுங்க. அம்மாவுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? அவங்க கடுகு டப்பாவைத் திறந்து மோந்து பாத்துட்டுத்தான் எடுக்குறாங்க. தெரியலைன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுறேன். இங்க தனியா விட்டுட்டு என்னால தூங்க முடியல."

நான் வயதைப் பற்றிப் பேசினேன். வெளிச்சத்தைப் பற்றிப் பேசினேன். வில்லைகளில் உள்ள வகைகளை விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் கேட்டது அது இல்லை என்றான். விழா முடிந்ததும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவன் கையில் இரண்டு நாற்காலிகளைக் கொடுத்தேன்.

பிறகு தலைவரிடம் போய், பொன்விழா என்பதால் கொடியேற்றுகிறவருக்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருவர் நிற்பதுதான் முறை என்றேன். அப்படி ஒரு முறை எங்கேயும் இல்லை, நான் அப்போதுதான் அதை உண்டாக்கினேன். கம்பம் சரிந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று தலைவர் நினைத்திருக்கலாம். உடனே சம்மதித்தார்.

ஒலிபெருக்கி கொஞ்சம் இருமிவிட்டு அடங்கியது. தலைவர் பேசினார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் நாம் யார், இன்றைக்கு நாம் யார் என்றெல்லாம் கேட்டு, பதில் சொல்லாமல் நகர்ந்தார். முடிவுக்கு வரும்போது கையைக் கம்பத்தின் பக்கம் நீட்டினார்.

"இந்தக் கம்பத்தைப் போல நாமும்..." என்று தொடங்கி, கம்பத்தைப் பார்த்து, சற்று நிறுத்தி, "இரும்பாக இருக்க வேண்டும்" என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். சலவை மடிப்புக் கலையாத சேலையில், இடுப்பில் வேன் சாவியோடு, நேற்றுக் காலால் தேய்த்துப் பழகிய அதே வழியில் ஒரு தப்படி பிசகாமல் நடந்து வந்தார். நான் கயிற்றை அவர் கையில் வைத்து, என் கையையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். அவர் இழுத்தார், நான் வழிகாட்டினேன். கொடி ஆடி ஆடி மேலே போனது. ஒரு விஷயத்தை என் தரப்பில் சொல்லிக்கொள்ள வேண்டும். காற்றே இல்லாத அந்தக் காலையிலும் கொடி கம்பத்தில் சுருண்டு ஒட்டிக்கொள்ளாமல், தள்ளித் தொங்கி, முழுதாகத் தெரிந்தது. நேரான கம்பத்தில் இது நடக்காது.

தேசிய கீதம் தொடங்கியது. எல்லோரும் விறைப்பாக நின்று கொடியைப் பார்த்தார்கள். நான் கூட்டத்தைப் பார்த்தேன். தலைவர், மளிகைக்காரர், என் மனைவி, முன்வரிசைப் பிள்ளைகள், பின்வரிசையில் அக்காவின் மகன் என்று தெரு முழுவதும் கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, தலையை மட்டும் இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றது. யாரும் சொல்லிவைத்துச் செய்ததில்லை. கம்பம் அப்படிச் செய்யவைத்தது.

தலையைச் சாய்க்காமல் நின்றவர் வேன் அக்கா ஒருவர்தான். ஆணி அடித்த மாதிரி நேராக நின்றார்.

அதன்பிறகு பிள்ளைகள் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் கயிறு இழுத்தார்கள். தலைவர் அணி தோற்றது, மறுபடி இழுத்து ஜெயிக்கவைத்தார்கள். இனிப்புக் கொடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்தது. மகன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே ஒவ்வொரு அடுக்குக்கும் ஒருதரம் என்னைப் பார்த்தான். அக்கா கம்பத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பிரிக்காத இனிப்புப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் பையன்கிட்ட என்ன சொல்லப் போற?" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான்."

"நான் என்ன சொல்றது? நல்லாத்தான் இருக்கேன். கொடி ஏத்துனேன்ல."

என் மனைவி எங்கேயோ தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

"அக்கா, இந்தக் கம்பம் கோணல்."

"யார்ரா சொன்னது?"

"நான்தான். நான் நட்டது. தலைவர் வீட்டுச் சுவரப் பாத்து நட்டேன், அதுவும் கோணல். கொடியப் பாக்கும்போது தெருவே தலையச் சாய்ச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சு."

அக்கா பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"நான்?"

"நீங்க மட்டும் நேரா நின்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. "கோணக் கம்பத்த நட்டு என்னைப் பிடிச்சுட்டியேடா பாவி" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. அடுக்கின நாற்காலிகளை மகன் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பி, அது ஓயும்வரை அப்படியே இருந்தார்.

வாழ்க்கையில் முதல்முறையாக மழை வருமா என்று கேட்காமல், கேட்க வேண்டியதைக் கேட்டேன். என் கடை நாற்காலியில் கேட்கிற அதே குரலில்தான் வந்தது.

"புகை மாதிரி இருக்காக்கா, இல்ல ஓரத்துலேருந்து இருட்டிக்கிட்டு வருதா? இதுவா, அதுவா?"

ரெண்டும் பரவால்ல என்று சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அக்கா இடுப்பிலிருந்து வேன் சாவியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"புகை" என்றார். "ரெண்டு கண்ணுலயும். போன வருஷம் ஒருநாள் சிக்னல்ல நின்னுக்கிட்டு, செகப்பா பச்சையான்னு பின்னாடி இருந்த பிள்ளைங்களக் கேட்டேன். அதுங்க ஏதோ விளையாட்டுன்னு நெனச்சுப் போட்டி போட்டுக்கிட்டுச் சொல்லுச்சுங்க. அன்னைக்கே வண்டிய நிறுத்திட்டேன். முட்டிக்கு ஒண்ணுமில்ல."